ஹொல்ம்லியாவில் ஒரு ஜெர்மன் ஹெல்மெட்

ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில், பள்ளி பேண்டு வாத்தியக் குழுவுக்காகப் பெற்றோர் நடத்தும் பழம்பொருள் சந்தை. மேசையில் ஒரு ஜெர்மன் ராணுவ ஹெல்மெட். விற்க நிற்கும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் சும்மா இருக்க முடியாமல் கதை அளக்கிறேன்.

"உலகப் போர் முடிஞ்சு பத்து வருஷம் கழிச்சு மேற்கு ஜெர்மனிக்காரங்க பழைய வடிவத்தை விட்டுட்டு, அமெரிக்கா மாதிரி இந்த உருண்டைக்கு மாறினாங்கக்கா. தொண்ணூறுகள்ல மறுபடி காதை மூடுற மாதிரியே செஞ்சாங்க. ஆனா இரும்பு இல்ல, குண்டு தாங்குற செயற்கை இழை."

"ஓம். தமிழ்நாட்டிலை மோட்டார்சைக்கிள் ஓடேக்கை தம்பி எதைப் போடுறனீங்கள்?"

"போலீஸைப் பார்த்தா போடுவேன். மத்த நேரம் பெட்ரோல் டாங்க் மேல இருக்கும்."

அக்கா ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்து, வாரை இறுக்குகிறார்.

"ஷெல் விழேக்கை எங்கடை தலைக்கு ஒண்டும் இருக்கேல்லை. நீங்கள் டாங்கைக் காப்பாத்துறியள்."