கொம்புள்ளதும் கொம்பில்லாததும்

இரண்டாயிரத்து ஏழில் சிதம்பரத்தில் விலங்கியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். புராஜெக்டுக்கு எனக்கும் என் ஹாஸ்டல் தோழிக்கும் சாணி வண்டு வந்து சேர்ந்தது. வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

கறுப்பாக உருண்டையாக ஒரு பூச்சி, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். மைக்ராஸ்கோப்பில் முதல் வண்டைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. தலையின் முன்பக்கம் மண்வெட்டிபோலத் தட்டையாக இருந்தது. முன்னங்கால்களில் தோண்டுவதற்கென்றே பற்கள். மீசை நுனியில் மடித்து வைத்த குட்டி விசிறி. மற்ற வண்டுகளுக்கு அருகருகே முளைத்திருக்கும் நடுக்கால்கள் இதற்கு நன்றாக விலகியிருந்தன. சாணி வண்டுதானா என்று சந்தேகம் வந்தால் முதலில் புரட்டிப்போட்டு அதைத்தான் பார்ப்போம்.

பெரிய வண்டுகளில் சிலவற்றுக்குத் தலையில் கொம்பு இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. இரண்டும் வேறு வேறு இனம் என்று நாங்களே முடிவு கட்டி, தனித்தனிப் பெட்டிகளில் வைத்தோம்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, பண்ருட்டிப் பக்கம் தோழியின் ஊருக்குப் போனோம். அவர்களுடைய முந்திரித் தோப்பில் மாடு கட்டுமிடத்தில் உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தோம். அவளுடைய அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"சிதம்பரத்துல போயி இம்மாம் படிப்பு படிச்சது சாணிய கெளர்றதுக்குத்தானா?"

"சும்மா இருங்க அண்ணி, ஓடிடப் போவுது."

சாணிக்கு அடியில் ஒரு வளை போனது. முழங்கை ஆழத்தில் அது சிறு அறையாக அகன்றது. உள்ளே ஒரு சாணி உருண்டை. அதன் ஒரு பக்கம் கொம்புள்ள வண்டு, மறுபக்கம் கொம்பில்லாத வண்டு.

"ஏய், ரெண்டும் ஒரே வூட்ல இருக்குதுடி!" என்றாள் தோழி.

லென்ஸை எடுத்து மாறி மாறிப் பார்த்தோம். அதே மண்வெட்டித் தலை, அதே கால் பற்கள், முதுகில் அதே கோடுகள். கொம்பில்லாததன் தலையில், கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு புடைப்பு மட்டும். அண்ணியும் கையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்தார்.

"புருசன் பொஞ்சாதியா? அய்யோ பாவம், வூட்ட இடிச்சிட்டீங்களே. மூடுங்க!"

மூடினோம்.

கொம்புள்ளது ஆண், கொம்பில்லாதது பெண், இரண்டும் ஒரே இனம் என்று மறுநாள் சொன்னதும் எங்கள் பேராசிரியர் சிரித்தார். "பாத்தா மட்டும் போதாதும்மா, உள்ள தெறந்து காட்டுங்க" என்றார். கொம்பில்லாத பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கத்தரித்தேன். பூச்சி என்றால் நூறு இருநூறு முட்டை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அங்கே இருந்தது ஒன்றே ஒன்று. அரிசிபோல வெள்ளையாக, வயிற்றின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு கிடந்தது.

தோழியைக் கூப்பிட்டேன். அவள் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். பிறகு இரண்டு பெட்டி வண்டுகளையும் ஒரே பெட்டியில் சேர்த்து வைத்தோம்.