வெளிச்சவீட்டுக்காரன் மகனின் முகம்

துறைமுக அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கப்பல்களின் வருகைப் பதிவேட்டை எழுதியவன் நான். எந்தக் கப்பல் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு நங்கூரம் போட்டது என்று எழுதிப் பழகிய கை, ஓய்வு பெற்ற பிறகும் அடங்கவில்லை. மழை தொடங்கிய நேரம், வாசிகசாலைக்குப் புதுப் புத்தகம் வந்த நாள், மனைவி கோபித்துக்கொண்ட நாள் எல்லாம் என் டயரிகளில் உண்டு. ஆகவே இந்த விவகாரம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலேகாலுக்குத் தொடங்கியது என்று நான் சொன்னால் நம்பலாம்.

அன்றுதான் எங்கள் வாசிகசாலையின் சிறுவர் பகுதிச் சுவரில் அந்த முகத்தைப் பார்த்தேன்.

கண்ணை மட்டும் மறைக்கும் முகமூடி, தோளில் நீலச் சால்வை, பறக்கிற பாவனையில் ஒரு வீரர். கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீட்டுக் காவலாளியின் மகன். இடி விழுந்த நாளில் பறக்கும் சக்தி பெற்றவர். பத்து வயதிலிருந்து எனக்கு அவரைத் தெரியும். அவருடைய சித்திரக்கதைப் புத்தகங்கள் நாற்பத்திரண்டும் என் அலுமாரியில் இருக்கின்றன. இரண்டு இடப்பெயர்வுகளிலும் உடுப்புகளுக்கு முன்னால் பையில் ஏறியவை அவைதான். வெள்ளைக்காரரான அவரை, அண்மையில் வந்த படத்தில் ஒரு கறுப்பின நடிகராக மாற்றிவிட்டார்கள். படம் ஓடும்போதே டிக்கெட்டின் பின்புறத்தில் பத்தொன்பது பிழைகளைக் குறித்துவிட்டேன். முதலாவது பிழை முகம். அதே முகம் இப்போது எங்கள் சுவரில்.

வரைந்தவர் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற ஓவியர், முப்பது வயதைத் தாண்டிய பெண். அதுவரை கடைப் பலகைகள்தான் எழுதியிருந்தார். முழுச் சுவர் ஒன்று கைக்குக் கிடைத்தது இதுதான் முதல் தடவை.

"தங்கச்சி, இவர் வெள்ளைக்காரர் எல்லே?" என்றேன்.

ஏணியில் நின்றவர் திரும்பவில்லை. "படத்தில இப்பிடித்தானே சேர். புள்ளைகளும் இப்பிடித்தான் கேட்டாங்க."

"படம் பிழை. மூலத்தில அப்பிடி இல்லை."

"மூலம் எண்டா?"

"முதல் முதல் வந்த புத்தகம்."

இப்போது திரும்பினார். "வெளிச்சவீட்டில வளந்தவர் சேர் இவர். விடிஞ்சா பொழுதுபட்டா உப்புக்காத்துதான். இவர் வெள்ளையாவா இருப்பார்? எங்கட வாப்பா கடலுக்குப் போறவர். ஒருக்கா வந்து அவரப் பாருங்களன்."

வாதத்தில் தோற்றவன் செய்வதைத்தான் செய்தேன். வீட்டுக்குப் போய் நாலு பக்கத்தில் ஓர் ஆட்சேபக் கடிதம் எழுதி, மூன்று பிரதி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பகுதித் திறப்புவிழாவுக்கு முன் முகத்தை மூலத்தின்படி மாற்ற வேண்டும், அல்லது சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். வாசிகசாலையின் செயலாளரும் நானே என்பதால் கடிதத்தை எழுதியதும் நான், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டதும் நான்.

வியாழக்கிழமை பின்னேரம் கூட்டம். எங்கள் தலைவர் மூதூரைச் சேர்ந்தவர், பட்டணத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். சுவருக்கான பெயின்ட் முழுவதும் அவருடைய அன்பளிப்பு. கடிதத்தைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

"ஒரு முகத்துக்கு நாலு பக்கமா? எனக்குப் பொண்ணு பாக்கப் போன நேரம் எங்கட உம்மா ஒரே சொல்லில முடிச்சவ."

"இது கலியாணம் இல்லை. வரலாறு," என்றேன்.

"வெள்ளைப் பெயின்டும் என்னட்ட இல்ல. பள்ளிவாசல் மதிலுக்குக் குடுத்து முடிஞ்சிது. வரலாறு ஒரு கிழமை பொறுக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஓவியர் மட்டும் சிரிக்கவில்லை. கதவோரத்தில் கைகளில் காய்ந்த பெயின்டோடு நின்றவர், "நானா, நான் ஒண்டு சொல்லலாமா?" என்று தலைவரை அண்ணன் முறையில் விளித்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சேர், அந்த முகத்த மாத்த எனக்கு ஏலா. மூணு நாள் இருந்து அடிச்ச முகம். வேணாமெண்டா முழுச் சுவரையும் அழியுங்க. ஆனா ஞாயிறு தோப்பூரிலருந்து பாலர் பள்ளி டீச்சர் வாறா. இந்தச் சுவரப் பாத்துப் புடிச்சாத்தான் அவங்கட புதுக் கட்டடத்துச் சுவர் வேல எனக்கு. வெறுஞ்சுவரப் பாத்திட்டுப் போவா. அதையும் கூட்டக் குறிப்பில எழுதுங்க."

எப்போதும் காதில் செருகியிருக்கும் பேனை கையில் இருந்தது. எழுதவில்லை. ஆனாலும் மூலம் மூலம்தானே. "நான் ஆதாரத்தோடதான் வந்தனான்," என்று சொல்லி மேசையில் பொதியை வைத்தேன்.

முதலாவது புத்தகம். கபிலத் தாளில் உறை போட்டு, நூல் கட்டி, பூச்சி உருண்டை வைத்துக் காத்தது. எத்தனையோ வருடமாக நான் அதைத் திறக்கவில்லை. திறந்தால் தையல் விட்டுவிடும். திறக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. எல்லா விபரமும் என் அட்டவணையில் இருந்தது.

தலைவர் கைலேஞ்சியால் விரல்களைத் துடைத்துவிட்டுத் திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம். பிறகு அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது.

அந்தக் காலத்துப் புத்தகங்களுக்கு அட்டையில் மட்டும்தான் நிறம். அதுவும் மலிவான அச்சு. மை விலகி, அட்டையில் வீரரின் முகம் இளம்பச்சையாக இருந்தது. உள்ளே எல்லாம் வெறும் கறுப்புக் கோடுகள். அந்தக் கோடுகளுக்குள் யாரோ கலர் பென்சிலால் பொறுமையாக நிறம் தீட்டியிருந்தார்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வீரருக்கு அழுத்தமான மண்ணிறம். கப்பல்களைக் கவிழ்க்கிற வில்லனுக்கு மட்டும் நல்ல ரோஸ்.

கடைசிப் பக்கத்தின் அடியில் சிறுபிள்ளைக் கையெழுத்து: "வர்ணம் தீட்டி முடித்தது." கீழே திகதி, கிழமை, நேரம், ஒப்பம். அதற்கும் கீழே: "பின்னேரம் மழை."

"இது ஆர்ர எழுத்து?" என்றார் தலைவர், கண்ணைத் துடைத்தபடி.

"என்ர."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. கள்ளக் கையெழுத்தா இருக்கப்போகுது."

"மழையையும் எழுதியிருக்கு. என்ரதான்."

ஓவியர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். "சேர், நீங்க என்னையும் விடக் கறுப்பா அடிச்சிருக்கீங்க."

"வேற பென்சில் இருந்திராது," என்றேன்.

"வில்லனுக்கு இருந்திருக்கே?"

புத்தகத்தை என் பக்கம் இழுத்து மறுபடி பார்த்தேன். பத்து வயதில், எங்கள் வீட்டுக் கதிரையில் கால் மடித்திருந்து தீட்டியபோது, அவருக்கு வேறு நிறம் இருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வந்திராது. கடலோரம் வாழ்கிறவர், எனக்குத் தெரிந்த கடலோரத்து ஆட்கள் எல்லோரும் அந்த நிறம். பிறகு வழவழப்பான தாளில் ஆங்கிலப் பதிப்புகள் வந்தன, தொலைக்காட்சி வந்தது. ஏதோ ஒரு நாள் அவர் வெள்ளையாகி, எப்போதும் அப்படியே இருந்தவர் போல என் தலைக்குள் குடியேறியிருக்கிறார். இத்தனை டயரிகளிலும் அந்த நாளுக்கு மட்டும் திகதி இல்லை.

தலைவர் கதிரையில் நிமிர்ந்தார். "செயலாளர், எழுதுங்க. செயலாளரின் ஆட்சேபம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வீரரின் முகம் மூலப்பிரதியின்படியே இருக்க வேண்டும். சுவரும் மூலப்பிரதியும் ஒத்திருப்பதால் மாற்றம் தேவையில்லை."

எழுதினேன். கூட்டக் குறிப்பைச் செயலாளர் உரத்து வாசிக்க வேண்டும் என்பது எங்கள் வாசிகசாலையின் விதி. வாசித்தேன். காது சரியாகக் கேட்கவில்லை என்று தலைவர் இரண்டாம் தடவையும் வாசிக்க வைத்தார்.

வீட்டில் மனைவிக்குச் செய்தி எனக்கு முன்னரே வந்துவிட்டிருந்தது. "நாலு பக்கம் எழுத முந்தி ஒருக்காக் கண்ணாடியைப் பாத்திருக்கலாம்," என்றாள். அதையும் டயரியில் எழுதினேன். ஏழு முப்பத்தைந்து.

வெள்ளிக்கிழமை ஓவியர் அந்தப் புத்தகத்தை ஒரு நாள் இரவல் கேட்டார். என் அலுமாரியிலிருந்து இரவலாகப் போன முதல் புத்தகம் அது. ஞாயிறு காலை போய்ப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. யன்னலோரத்தில் வெறுமையாக இருந்த மூலையில் வில்லன் வந்திருந்தான். புத்தகத்தில் இருந்த அதே அச்சொட்டான ரோஸ். காதில் ஒரு பேனை செருகியிருந்தது.

தோப்பூர் டீச்சர் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று சுவரை நெடுநேரம் பார்த்தார். "பறக்கிறவர் நல்லா இருக்கார். இந்த ரோஸ் மனிசன் ஆர்?"

"ஒரு கெட்டவர் டீச்சர். ஆனா கடைசியில திருந்திருவார்," என்றார் ஓவியர். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"எங்கட சுவருக்கும் இவரப் போடுங்க. ரெண்டு பேரையும் போடுங்க. அடுத்த கிழமை வந்து அளவு எடுப்பீங்களா?"

"ஓம் டீச்சர்," என்ற அந்தக் குரல், ஏணியில் நின்று என்னோடு வாதாடிய குரல் அல்ல. மிகவும் சின்னதாக இருந்தது.

மூலத்தில் வில்லனுக்குப் பேனை கிடையாது, அவன் திருந்துவதும் இல்லை. சொல்ல வாயெடுத்தேன். தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

டீச்சர் போனதும் ஓவியர் ஒரு மெல்லிய தூரிகையைக் கறுப்பில் தோய்த்து என்னிடம் நீட்டினார். "சேர், திகதி போடுங்க. உங்களுக்குத்தான் அது வடிவா வரும்."

முழங்கால் நோவோடு குந்தியிருந்து, வீரரின் காலடியில் எழுதினேன். வர்ணம் தீட்டி முடித்தது. திகதி, கிழமை, முற்பகல் பத்தேகால். வெளியே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, மழை இல்லை என்றும் சேர்த்தேன்.