டைகர் கொண்டுவந்த கற்கண்டு டப்பா

பெரியம்மா தொடையில் இன்சுலின் ஊசி குத்திக்கொள்ளும்போது டைகர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்ளும். காலையில் கண்ணாடி ஊசியை வெந்நீரில் கொதிக்கப்போடும் சத்தம் கேட்டாலே அதற்கு முகம் தொங்கிவிடும். பயந்தாங்கொள்ளிக்கு வைத்த பெயரைப் பாருங்கள்! செம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து குட்டியாகத் தூக்கிவந்த தெருநாய் அது. எண்பதுகளின் கடைசியில் அந்த வீட்டில் இருந்தது பெரியப்பா போனபின் தனியாகிவிட்ட பெரியம்மா, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பாரிமுனைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நான், டைகர், அவ்வளவுதான்.

ஊசி போட்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் பெரியம்மாவுக்குச் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். அதற்காகவே சமையலறைக் கீழ்த்தட்டில் ஒரு கற்கண்டு டப்பா வைத்திருந்தாள். தன் வாயில் கொஞ்சம் போட்டுக்கொண்டு டைகருக்கும் ஒரு துண்டு கொடுப்பாள். அதனால் வியர்த்த கையை நக்கிப் பார்த்ததுமே ஓடிப்போய் டப்பாவைக் கவ்விக்கொண்டு வர அது தானாகவே பழகியிருந்தது. "என் டாக்டர் வந்துட்டாரு" என்பாள் பெரியம்மா. பாசமாவது ஒன்றாவது, எல்லாம் திங்கிற ஆசை என்று நான் கிண்டல் செய்வேன்.

அந்த ஆடி அமாவாசையன்றும் வழக்கம்போல் ஊசி போட்டுக்கொண்டாள். பெரியப்பாவுக்குப் படையல். காக்கை வந்து சோறெடுக்காமல் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். "நீ ஆபீசுக்குக் கெளம்பு. காக்கா இப்ப வந்துடும்" என்று என்னை அனுப்பிவிட்டு, காக்கை மிரளக் கூடாதென்று டைகரை வாசலில் சங்கிலியால் கட்டினாள். அமாவாசையன்று காக்கைக்கு ஏது பசி? தெரு முழுக்க அதற்கு விருந்து. மதில்மேல் சோறு காய, கொல்லையில் துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

மற்றதெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா அழுதுகொண்டே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்களுக்கு ஒன்றென்றால் முதலில் ஓடிவருகிறவளும் அவள்தான்.

"கா கான்னு கூப்புட்டுகினே இருந்தாங்க கண்ணு. திடீர்னு சத்தமே இல்ல. பாத்தா உங்க நாய் சங்கிலிய அத்துகினு வந்து என் பொடவைய புட்சி இழுக்குது. இன்னாடா இதுன்னு பின்னாலயே ஓடியாந்தா, அம்மா கல்லு மேல சாஞ்சிகினு கீறாங்க. வேர்வ ஊத்துது. கண்ணு தொறந்துதான் கீது, பேச்சு வரல."

அக்கா தாங்கிப் பிடித்திருந்தபோது டைகர் உள்ளே ஓடிப்போய் டப்பாவைக் கொண்டுவந்து பெரியம்மா மடியில் போட்டிருக்கிறது. பெரியம்மாவும் அதற்குக் கை நீட்டியிருக்கிறாள். அக்கா வெடுக்கென்று பிடுங்கி உள்ளே கொண்டுபோய்ப் பரணில் வைத்துவிட்டாள். "சுகர் கீற அம்மாவுக்குக் கல்கண்டா? உயிரே பூடும்னு நெனச்சேன்" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். யாரைக் குறை சொல்ல? சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரை விஷம். எங்கள் தெருவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டைகர் பரணைப் பார்த்து எகிறி எகிறிக் குரைத்ததாம். துடைப்பத்தால் அடிவாங்கியும் நகரவில்லையாம். ஆட்டோ பிடித்துத் தாம்பரம் போய்ச் சேருவதற்குள் பெரியம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. சில நாள் அப்படியே கிடந்து, கண் திறக்காமலே போய்விட்டாள். பாழாய்ப்போன காக்கை ஒன்றாவது வந்து தொலைத்திருக்கக் கூடாதா!

"கொஞ்சம் சர்க்கரை உள்ள போயிருந்தா எழுந்து உட்கார்ந்திருப்பாங்கம்மா" என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை.

வீட்டைக் காலி செய்தபோது டைகரை அக்காதான் கேட்டு வாங்கிக்கொண்டாள். கடைசிவரை தன் கையாலேயே அதற்குச் சோறு பிசைந்து போட்டாள். இன்று அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜில் இன்சுலின் இருக்கிறது. நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் சட்டைப்பையில் சாக்லேட் வைத்துக்கொண்டு போகிறார்கள். அக்காவுக்கு வயதாகிவிட்டது. நான் எப்போது போனாலும் காபி கொடுத்துவிட்டு எதிரே உட்காருவாள்.

"அன்னிக்கு அந்தக் கல்கண்ட குட்த்திருந்தா பொழச்சிருப்பாங்களா கண்ணு?"

"அதெல்லாம் இல்லக்கா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சுபோச்சு."

காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுவாள்.

"கை நீட்னாங்களே" என்பாள்.