புற்றோரத்துக் குச்சி

போன வாரம் வல்லம் வடகால் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. சில்லி காளானைப் பல் குத்தும் குச்சியில் குத்தி வாயில் போட்டுக்கொண்டே பக்கத்து நாற்காலிப் பையன் சொன்னான்: "கம்பெனிங்க வர்றதுக்கு முன்னாடி இந்த ஏரியாவே பொட்டல் சார். ஒண்ணுமே கெடையாது." நல்ல பையன்தான். யாரோ சொன்னதைச் சொன்னான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. காளான் வேறு ரப்பர் மாதிரி இருந்தது. அந்தக் கோபத்தையும் இதோடு சேர்த்துக்கொண்டேன்.

ஒண்ணுமே கிடையாதாம். எழுபதுகளில் நான் பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷின் கன்னியப்பனுக்கு இதே பக்கத்தில், பிள்ளைப்பாக்கம் தாண்டி வீடு. ஆவணி மாதத்துச் சனிக்கிழமையில் இடி இடித்தால் போதும், "வாய்யா வூட்டுக்கு" என்று இழுத்துப் போய்விடுவான். விடிந்ததும் அவன் மனைவி தனம் கூடையோடு முன்னால் நடப்பாள். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் புதர்க்காடு. களா, காரை, சூரை என்று முள்ளில் இத்தனை வகை உண்டென்று அங்கே என் முழங்கால்தான் முதலில் தெரிந்துகொண்டது. களாக்காய்ப் பால் பிசின் மாதிரி உதட்டை ஒட்டிவிடும். வாயடிக்கிற எனக்கு அதைவிடத் தண்டனை ஏது?

"ண்ணா, பறிக்கிறியா, துன்றியா? கூடைல ஒண்ணயும் காணோம், வாய் மட்டும் கறுத்துக் கீது" என்பாள் தனம். அந்தப் பேச்சைக் கேட்கவே இன்னும் நாலு பழம் தின்னலாம்.

ஒரு களாப் புதரடியில் இடுப்புயரப் புற்று. அதன் ஓரம் மண்ணை முட்டிக்கொண்டு ஒரு காளான் மொட்டு. நான் விரலை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டாள்.

"வெரல நீட்டாத. வெக்கப்பட்டு உள்ள பூடும்."

பிறகு ஒரு குச்சியை ஒடித்து மொட்டுக்குப் பக்கத்தில் நட்டாள். அந்த ஊரின் சட்டம் அது. குச்சி நின்றால் காளான் நட்டவருடையது. மறுநாள் விரிந்ததும் அவரே வந்து பறிப்பார். பறித்ததும் குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட வேண்டும். பிறகு புற்று எல்லோருக்கும் பொது.

"ஆடு மேய்க்கிறவங்க கூடவா தொடமாட்டாங்க?" என்று கேட்டேன்.

"அதான் குச்சி கீதே" என்றாள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

மறுநாள் வேலைக்கு மட்டம். குழம்பு கொதித்தபோது தெருக்கோடி வரை மணந்தது. ஈரமண்ணும் மிளகும் கலந்த அந்த வாசனையை எந்தக் கல்யாணத்தில் பரிமாறுவார்கள்?

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆவணியில் போனபோது, புதர்க்காடு முழுக்கச் சிவப்பு பெயிண்ட் அடித்த அளவு முளைக்குச்சிகள். சும்மா கிடக்கும் தரிசில் தைலமரம் வைக்கப் போவதாக சர்க்கார் ஜீப்பில் வந்தவர்கள் சொன்னார்களாம். தனத்தின் புற்றிலேயே ஒரு முளை அறைந்திருந்தது. முந்தின நாள் அவள் நட்ட குச்சி பூட்ஸ் காலில் மிதிபட்டு, நசுங்கிய மொட்டோடு கிடந்தது.

"பிடுங்கி எறியாம பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே" என்று கத்தினேன். ஊரே அங்கே நின்றது. ஒருவரும் முளையில் கை வைக்கவில்லை.

கன்னியப்பன் என்னைச் சமாதானப்படுத்தினான். "நட்டுட்டாங்க இல்ல, வுடுய்யா. எடுக்கிறத எடுத்துக்கினு அவங்களே புடுங்கிடுவாங்க. அப்பால நம்மளுதுதானே."

பயந்தா விட்டார்கள்? மரியாதை கொடுத்து விட்டார்கள். தங்கள் சட்டம் ஜீப்பில் வருகிறவனுக்கும் தெரியும் என்று நம்பினார்கள்.

தனம் மட்டும் நசுங்கிய மொட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "என் குச்சிய மிதிச்சவன் அவன் குச்சிய புடுங்குவானாண்ணா?"

பிடுங்கவில்லை. புதரை வெட்டினார்கள், புற்றை இடித்தார்கள், தைலமரம் வைத்தார்கள். அதனடியில் புல்கூட முளைக்கவில்லை. அந்த வெறுந்தரையைப் பார்த்துத்தான் பின்னால் வந்தவர்கள் பொட்டல் என்றார்கள். பிறகு மரமும் போனது, கம்பெனி மதில் வந்தது.

வரவேற்பிலிருந்து வெளியே வந்தபோது இடி இடித்தது. காலையில் கூடை எடுக்க அங்கே யாரும் இல்லை. மதிலடியில் சிவப்புத் தலையோடு எல்லைக்கல் நட்டிருக்கிறது. கன்னியப்பா, எடுக்கிறதை இன்னும் எடுத்து முடிக்கவில்லையடா அவர்கள்.