அம்மன் என் கையில் கொடுத்த காலித் தோட்டா

நூற்று முப்பத்தைந்து இருக்க வேண்டும். நூற்று முப்பத்து நான்குதான் இருந்தது. சாக்கை உதறிப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். மூன்றாம் தடவை எண்ணும்போது எண்ணிக்கையே மறந்துபோயிற்று. "தாயே, என்னைக் கைவிட்டுட்டியா?" என்று அந்தச் செம்மண் பொட்டலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மனின் பிள்ளைகளே, நான் அதிகம் படித்தவன் இல்லை. விழுப்புரத்தில் ஐந்தாவது வரை படித்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தவன். திருவக்கரை அம்மன் எனக்குச் செய்ததை எழுதி வையுங்கள் என்று என் மனைவி ருக்மணி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் தப்பையும் மறைக்கவில்லை.

சீனாச் சண்டைக்கு முந்தின வருஷம், மார்கழி மாதம். அப்போது நான் ஹவில்தார். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பட்டாளப் பயிற்சி கொடுக்க என்னைப் போட்டிருந்தார்கள். அதில் நன்றாகத் தேறுகிறவர்கள் பிறகு பரீட்சை எழுதி அதிகாரிகளாகப் போகலாம். எனக்கு வராத இங்கிலீஷ் அவர்களுக்கு வரும். அவர்களுக்கு வராத பட்டாள நடை எனக்கு வரும். "உஸ்தாத், உஸ்தாத்" என்று என்னைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். பட்டாளத்தில் கற்றுக்கொடுக்கிறவரை அப்படித்தான் கூப்பிடுவது.

அந்த வருஷம் திண்டிவனத்துக்கும் கிளியனூருக்கும் நடுவில் ஒரு பொட்டலில் கூடாரம் போட்டு முகாம் நடந்தது. சனிக்கிழமை துப்பாக்கி சுடும் பயிற்சி. இருபத்தேழு பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து தோட்டா. சுட்டதும் பித்தளைக் கூடு வெளியே தெறித்து விழும். அதைக் காலி என்போம். ஒன்று விடாமல் பொறுக்கி, எண்ணி, திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு காலி குறைந்தால், சுடாத தோட்டா ஒன்றை எவனோ பதுக்கியிருக்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். விசாரணை வரும். பொறுப்பில் இருந்தவனின் சட்டைக் கையில் தைத்த பதவிப் பட்டை மூன்றும் போகும். எனக்குப் பென்ஷனுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

ஒவ்வொரு வரிசையும் சுட்டு முடித்தவுடன் எண்ண வேண்டும் என்பது சட்டம். அன்றைக்கு மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் முடித்துவிடலாம், கடைசியில் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம் என்று விட்டேன். அதுதான் என் முதல் தப்பு. பிறகு எல்லோரையும் நிற்கவைத்து, "என்னிடம் தோட்டாவோ காலியோ எதுவும் இல்லை" என்று ஒவ்வொருவராகச் சொல்லவைத்தேன். சொன்னார்கள். நான் யாருடைய பையையும் தொட்டுப் பார்க்கவில்லை. படிக்கிற பிள்ளைகள் பொய் சொல்வார்களா என்று நினைத்தேன்.

நான் சந்தேகப்பட்டது யாரைத் தெரியுமா? முகாமுக்குத் தண்ணீர் சுமக்க வந்த முனியனை. பக்கத்துச் சேரியில் இருந்து வருகிறவன்.

"முனியா, மூட்டைய அவுத்துக் காட்டு."

"இன்னா சார் காணோம்?"

"பித்தள. ஒண்ணு கொறையுது."

"பித்தள எடுக்கிறவன்னா, சமையல்ல இருக்கிற அண்டாவ எடுத்துக்கினு போயிருக்க மாட்டேனா? இத்துனூண்ட எடுத்து இன்னா சார் பண்றது, மூக்குத்தியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தனை பேர் முன்னால் அவன் மூட்டையை நானே பிடுங்கிக் கொட்டினேன். ஒரு பழைய துண்டும், கேப்பைக் களி உருண்டையும் விழுந்தன. களி மண்ணில் உருண்டு போயிற்று. அவன் அதை எடுத்துத் துடைத்தான்.

ஞாயிறும் திங்களும் மண்ணைச் சலித்தோம். கிடைக்கவில்லை. முகாமுக்குப் பொறுப்பான மேஜர் நல்ல மனிதர். ஆனாலும் அவர் கையையும் சட்டம் கட்டியிருந்தது. "நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் பாக்கிறேன், ஹவில்தார். அப்புறம் நான் மேல எழுதித்தான் ஆகணும்" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ருக்மணிக்கு என்னவென்று கடிதம் எழுதுவது? இரண்டு வரி எழுதிக் கிழித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அனுமதி வாங்கிக்கொண்டு, சமையல்காரரின் சைக்கிளில் திருவக்கரைக்கு மிதித்தேன். அம்மன் முன்னால் நின்றதும் அழுகை வந்துவிட்டது. "தாயே, நான் யாருக்கும் கெடுதல் பண்ணலியே" என்று கேட்க வாயெடுத்தேன். அந்த வார்த்தை வரவில்லை. மண்ணில் உருண்ட களிதான் கண்ணில் வந்தது. கடைசியில் இப்படித்தான் வேண்டினேன்: "தப்பு என்மேலதான் தாயே. என் பட்டை போனாப் போகட்டும். அந்த மனுஷன்மேல திருட்டுப் பேர் நிக்க வேணாம். அதுக்காகவாவது அந்தக் காலியைக் கண்ணில காட்டு."

வெளியே வந்தேன். அங்கே வேண்டுதல் கட்டுகிற மரம் ஒன்று இருந்தது. கிளை முழுக்க மஞ்சள் துணி. கீழே ஒரு அம்மாள் குதிகாலைத் தூக்கித் தூக்கி எதையோ கட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அண்ணே, கீழ இடமே இல்ல. மேல எனக்குக் கை எட்டல. நீங்க நல்லா நெட்டையா இருக்கீங்க, செத்த கட்டி வுடுங்களேன்."

எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொத்து ஒன்றும், சின்ன மஞ்சள் துணி முடிச்சும் என் கையில் கொடுத்தார். அன்பர்களே, அந்த முடிச்சு என் உள்ளங்கையில் பட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆயிரம் ஆயிரமாகக் காலி பொறுக்கின கை இது. அவிழ்த்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"இதுல இன்னாம்மா இருக்குது?" என்றேன்.

"எம் மவன் ஏழுமல சுட்ட மொதல் குண்டு அண்ணே! காலேஜில படிக்கிறான். ஆபீசர் ஆவப் போறான். எங்க வீட்டுல மொத மல்லாட்டைய நாங்க தின்ன மாட்டோம், அம்மாளுக்குத்தான். மொத கேப்பைக் கதிரும் அப்பிடித்தான். அதே மாதிரி நீ மொத சுடுறதும் அவளுக்குத்தான்டான்னு வேண்டிக்கினேன். ஞாயித்துக்கெழம முறுக்கு எடுத்துக்கினு பாக்கப் போனப்போ குடுத்தான்."

ஏழுமலை! கிளியனூர்ப் பையன். அந்த இருபத்தேழு பேரில் குறி தவறாதவன். நான் யாரென்று சொன்னேன். காலி காணாமல் நான் படுகிற பாட்டைச் சொன்னேன். அந்த அம்மாளின் முகம் வெளிறிப்போயிற்று.

"ஐயோ அண்ணே, அவன் மாட்டேன்னுதான் சொன்னான். நாந்தான் முன்னாடியே அழுது வாக்கு வாங்கினேன். எம் புள்ளையத் தொரத்திடுவாங்களா?"

"தெரியலம்மா" என்றேன்.

மரத்தை நிமிர்ந்து பார்த்தார். "சாமிக்குன்னு கொண்டாந்தத திருப்பி எடுத்துக்கினு போலாமா? குத்தமாயிடாதா?"

"உங்களுக்குக் கை எட்டாமப் பண்ணதே அவதாம்மா. என் கையில குடுக்க வெச்சிட்டா. வேற எதாவது குடுன்னுதான் அவ கேக்குறா."

மல்லாட்டைக் கொத்தை மட்டும் கட்டிவிட்டு, காலியை எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாள் தடுக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் ஒரு யோசனை என்னைப் பிடித்து இழுத்தது. மண்ணில் கிடந்தது என்று சொல்லிவிட்டால் என்ன? எனக்கும் நல்லது, பையனுக்கும் நல்லது. ஆனால் முனியன்? அவனே எடுத்து, பயந்து திருப்பிப் போட்டிருப்பான் என்றுதானே பேசுவார்கள். முகாமுக்கு வந்ததும் ஏழுமலையைத் தனியாகக் கூப்பிட்டு உள்ளங்கையைத் திறந்து காட்டினேன்.

"நானே போய்ச் சொல்றேன் உஸ்தாத். நீங்க கூட வாங்க, அது போதும்."

சேர்ந்து போனோம். அவன் ஒன்றும் ஒளிக்கவில்லை. எண்ணாமல் விட்டது என் தப்பு என்று நானும் சொன்னேன். மேஜர் காலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"சாமிக்கு வேணும்னா என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா சார்?"

"மாட்டேன்."

மேஜர் கூடார வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "முகாம் முடியிற வரைக்கும் தினம் காலையில துப்பாக்கியத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு மைதானத்தைப் பத்துச் சுத்து ஓடு. பொய் சொன்னதுக்கு அது. வந்து உண்மையைச் சொன்னதால ஆபீசர் பரீட்சைக்கு அனுப்புற பட்டியல்ல உன் பேர் இருக்கட்டும்." எனக்குக் கடுமையான எச்சரிக்கை கிடைத்தது. பட்டை போகவில்லை.

அன்று சாயந்திரம் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, முனியனை முன்னால் கூப்பிட்டுக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "வுடுங்க சார். அந்தக் களிதான் பாழாப் போச்சு" என்றான். பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றாகச் சாப்பிட்டோம். அன்று முதல் எது காணாமல் போனாலும் முதலில் என் சட்டைப் பையைத்தான் தடவிப் பார்க்கிறேன். ஏழை மூட்டையில் கை வைப்பதில்லை.

அடுத்த வருஷம் சண்டை வந்தது. அவசரமாக அதிகாரிகளை எடுத்தார்கள். ஏழுமலை தேறினான். தோளில் ஒரு நட்சத்திரத்தோடு வடக்கே போனான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு விழுப்புரத்தில் என் வீட்டுக்கு வந்தபோது இரண்டு நட்சத்திரம் இருந்தது. நான் அப்போது பென்ஷன் வாங்கி வீட்டில் இருந்தேன். "கிளம்புங்க உஸ்தாத், திருவக்கரைக்குப் போறோம். அம்மா காத்துக்கினு இருக்கு" என்றான்.

அந்த மரத்தடியில் அவன் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்தான். அவன் முதன்முதலில் தோளில் குத்திக்கொண்ட ஒற்றை நட்சத்திரம். அவன் தாயாருக்கு இன்னும் கை எட்டவில்லை. என்னிடம் நீட்டினான்.

"நீங்களே கட்டுங்க. இது சர்க்கார் சொத்து இல்ல, எங்காசுல கடையில வாங்கினது. எண்ணாதீங்க உஸ்தாத்."

பழக்கம் விடுமா? "ஒண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கட்டினேன். மூன்று பேரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

காணாமல் போனதைத் தேடித் தேடி அலுத்துப்போன அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், பயப்படாமல் அவளிடம் போங்கள். என்ன வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். யாருடைய களியை மண்ணில் கொட்டினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் அதைச் சொன்ன பிறகுதான் அவள் அந்தக் காலியை என் கையில் வைத்தாள்.