அடுத்த தடவை எப்போ

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது என் மனைவி கம்பெனி பஸ்ஸில் இருந்தாள். காலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனையில் கரு தங்கவில்லை என்று தெரிந்துவிட்டதாக அந்தப் பக்கம் பேசிய பெண் சொல்லியிருக்கிறாள். கும்மிடிப்பூண்டியில் நாங்கள் குடியிருக்கும் தெரு முனையில் பஸ் நின்றது. அவள் இறங்கவில்லை. பஸ் போகிற கடைசி இடமான எளாவூர் வரைக்கும் போய் இறங்கி, அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, எளாவூர்ல கீறேன். வந்து கூட்டினு போ."

"எளாவூர்ல இன்னா வேலை?"

"நம்ம ஸ்டாப்புல எறங்கல. நெகட்டிவாம்."

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். செக்போஸ்ட்டுக்கு முன்னால் வழக்கம்போல லாரிகள் நின்றுகொண்டிருந்தன. ஒரு பரோட்டா கடை வாசலில் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தாள். அழுத முகமாகத் தெரியவில்லை. பசிக்கிறது என்றாள். கருவை உள்ளே வைத்த நாளிலிருந்து அவள் வெளியில் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து நிறைய சாப்பிட்டோம். அங்கேயே, எதையாவது சொல்லியாக வேண்டும் என்று நினைத்து, "அடுத்த மாசமே மறுபடி போயிடலாம்" என்றேன். அவள் கடைக்காரரிடம் இன்னும் கொஞ்சம் சால்னா கேட்டாள்.

அந்த வாரமே டாக்டரம்மாவைப் பார்க்கச் சென்னைக்குப் போனோம். முதல் தடவை உருவான கருக்கள் குறைவு, அத்தனையையும் வைத்தாகிவிட்டது, அடுத்த தடவைக்கென்று எடுத்து வைத்தது ஒன்றுமில்லை, இனி செய்தால் முதலிலிருந்துதான் என்று அவர் விளக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டார். கம்பெனி வேலை என்றேன். கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டார். கம்பி தயாரிக்கும் ரோலிங் மில்லில் ஃபர்னஸ் பக்கம் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த சூட்டுல தினமும் நிக்கிறீங்களா? விந்தணுவுக்கு அது நல்லதில்ல. வேற இடத்துக்கு மாத்திக்க முடியுமான்னு பாருங்க. புதுசா உருவாக எப்படியும் மூணு மாசம் ஆகும். அதுக்கப்புறம் எப்போ வேணா வாங்க. எப்போன்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க."

ரயிலில் திரும்பும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

எங்கள் ஃபோர்மேன் ஆந்திரா பக்கத்துக்காரர். எல்லாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். டிஸ்பாட்ச் யார்டுக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். லாரியில் கம்பிக் கட்டுகளை ஏற்றும் இடம் அது. வெயில் உண்டு, ஆனால் ஃபர்னஸ் கிடையாது.

"இன்னா நைனா, இத்தினி வருஷம் இல்லாம இப்ப இன்னா?"

"சூடு ஒத்துக்கல சார்."

அவர் சிரித்துவிட்டார். டீ குடித்துக்கொண்டிருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். ரோலிங் மில்லில் நின்றுகொண்டு சொல்கிற காரணமா அது என்று ஒருவர் கேட்டார். வேறு பொய் எதுவும் வாயில் வரவில்லை. "கொழந்தைக்காக ட்ரீட்மென்ட் எடுத்துகினு கீறோம் சார். டாக்டர் சொன்னாங்க" என்றேன். சிரிப்பு நின்றது. ஃபோர்மேன் டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்து, அடுத்த வாரத்திலிருந்து யார்டுக்குப் போ என்றார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பரவாயில்லை என்றுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன். யார்டுக்கு மாற்றிவிட்டார்கள், மூன்று மாதம் கழித்துப் போய்விடலாம், பொதட்டூர்பேட்டையில் இருக்கிற அம்மாவிடமும் சொல்லிவிட்டேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் டிபார்ட்மென்ட்ட மாத்திட்ட. சந்தோஷம். நான் இன்னா நெலமையில கீறேன்னு கேட்டியா?"

"நீ வேணும்னுதான சொன்ன?"

"வேணும்னுதான் சொன்னேன். மூணு மாசத்துலன்னு சொல்லல."

நான் குரலை உயர்த்தினேன். உனக்காகத்தானே எல்லார் முன்னாலும் போய்ச் சொன்னேன் என்றேன். எனக்காக இல்லை, நமக்காக என்று அவள் திருத்தினாள். பிறகு வரிசையாகச் சொன்னாள். ஊசி போட்டுப் போட்டு வயிற்றில் அழுத்தினால் இன்னும் வலிக்கிறது. வண்டி ஓட்டுவதை நிறுத்தினாள். நைட் ஷிஃப்ட்டை நிறுத்தினாள். லைன் லீடர் வேலை கொடுத்தபோது, நடுவில் லீவு போட வேண்டியிருக்கும் என்று வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது திரும்பவும் கேட்கிறார்கள்.

"அந்த வேலைய நான் எடுத்துக்கப் போறேன். ட்ரீட்மென்ட்ட பத்தி நான் பேசுற வரைக்கும் நீ பேசாத. உங்க அம்மா கேட்டாலும் போன என்கிட்ட குடுக்காத."

அவள் வேலை பார்ப்பது போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில். லைன் லீடர் என்றால் ஒரு வரிசைப் பெண்களுக்கு அவள்தான் பொறுப்பு. அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். ஸ்கூட்டியைத் துடைத்து மறுபடி ஓட்ட ஆரம்பித்தாள். வீட்டுக்கு வந்தால் யார் யாரோடு சண்டை, எந்த மெஷின் நின்றது என்பதெல்லாம் பேச்சாக இருந்தது. மூன்று மாதம் முடிந்த நாளை நான் கவனித்தேன். அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா போனில், "இன்னாடா, எப்போ போறீங்க?" என்று கேட்பாள். போகலாம்மா என்பேன். என் பங்குக்கு நானும் சிகரெட்டை விட்டிருந்தேன், தூக்கமும் பரவாயில்லை. காத்திருப்பது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நாளில் அது பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால் பழவேற்காடு போய் இறால் வாங்கி வந்தோம். அவ்வளவுதான் எங்கள் வாழ்க்கை, அது போதுமானதாகக்கூட இருந்தது.

மழை ஓய்ந்த சமயம் ஒரு சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டே அவள் கம்பெனிக் கதை சொன்னாள். அவள் லைனில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள். நின்று வேலை செய்ய முடியவில்லை என்று சொல்லியிருக்கிறாள். லேபிள் ஒட்டுகிற இடத்தில் இவள்தான் ஸ்டூல் போட்டு அந்தப் பெண்ணை உட்கார வைத்துவிட்டு வந்தாளாம்.

"எனக்கு கோவம் வரும்னு பாத்தேன் மாமா. மத்தியானம் வரைக்கும் பாத்தேன். வரல."

நானும் ஒரு கைப்பிடி கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன். பேசக் கூடாது என்பதுதானே ஏற்பாடு.

"பொங்கல் லீவு முடிஞ்சு போலாமா?" என்று கேட்டாள்.

உடனே சரி என்று சொல்லுவேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். "இன்னும் கொஞ்ச நாள் இப்டியே இருக்கலாமே" என்று வாயில் வந்துவிட்டது. கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னா, பயப்புடுறியா?"

"ஆமா."

"எதுக்கு?"

"மறுபடியும் இல்லன்னா இன்னா பண்றதுன்னு தெரியல."

"எனக்கும்தான் தெரியல. பயந்துகினே வா."

பொங்கல் முடிந்து போனோம். டாக்டரம்மா எனக்குச் செய்த பரிசோதனையின் முடிவைப் பார்த்து, முன்னைக்குப் பரவாயில்லை என்றார். அதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. இந்தத் தடவை ஊசியை அவளே போட்டுக்கொள்கிறாள், நர்ஸ் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கம்பெனியில் யாரிடமும் மறைக்கவில்லை. லீவு கேட்கும்போது காரணத்தை அவளே சொல்லிவிட்டாள். லைனைப் பார்த்துக்கொள்ள வேறொரு பெண்ணைப் பழக்கிவிட்டிருக்கிறாள். அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம்.

போன வாரம் கருமுட்டை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து வெளியே வந்தவள் முதலில் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, நாளைக்கு உனக்கு எந்த ஷிஃப்ட் மாமா என்று விசாரித்தாள். காலை ஷிஃப்ட் என்றேன். அப்படியானால் கிளம்பலாம், சென்ட்ரலுக்குப் போய்ச் சேருவதற்குள் ரயிலில் கூட்டம் ஏறிவிடும் என்றாள்.