பூ இல்லாத தண்டு

"பூ வாங்குனா பூவைக் குடு. முழங்கை நீளத்துக்குத் தண்டு இன்னாத்துக்கு? சாம்பாரா வெக்கப் போறாங்க?"

கும்மிடிப்பூண்டி பூ அலங்கார வகுப்பில் தினமும் செண்பகம் வைக்கும் ஒப்பாரி இது. சோழவரத்தில் வருடக்கணக்காகப் பூக்கட்டிய கை. காம்பு நீண்டிருந்தால் அவளுக்குக் கண் உறுத்தும்; நகத்தால் கிள்ளிப் போட்டால்தான் நிம்மதி.

அவள் வகுப்புக்கு வந்ததே ஒரு வேலைக்காக. பக்கத்துக் கம்பெனி வரவேற்பறையில் பூ வைக்க ஆள் எடுக்கிறார்கள், குடும்பத்துக்கே வைத்தியம் பார்க்கிற ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டு. புருஷன் ஜெயராஜுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. கான்ட்ராக்டில் கூலி வேலை பார்க்கிறவனுக்கு ஏது அட்டை?

"பூ வெக்கறதுக்கு ஒரு கிளாஸா?" என்று சிரித்தான் அவன்.

"ஹெல்மெட்டு மாட்டறதுக்கு நீ கிளாஸுக்குப் போவல?"

டீச்சர் ஷைனிக்குத் தண்டுதான் உலகம். "ரோஜாவுக்குக் கட்டைத் தண்டு, சாய்வா சீவி ஆழத் தண்ணியில வெக்கணும். ஜெர்பராப் பூவுக்குத் தண்டு உள்ள பொந்து, கொஞ்சமா தண்ணி போதும். நந்தியாவட்டைக் கிளையில பால் வரும், வெந்நீர்ல முக்கி அடைக்கணும்."

"புள்ள பெத்தவளுக்குக்கூட இவ்ளோ பத்தியம் இல்ல டீச்சர்."

கம்பெனி மேனேஜர் ஆள் பார்க்க வரும் நாளும் வந்தது. "செண்பகம்க்கா, தண்டையெல்லாம் வெட்டி வெய்யுங்க" என்று பக்கெட்டைக் காட்டிவிட்டு, அவரை அழைத்துவர வாசலுக்குப் போனாள் ஷைனி. அடியில் ஒரு விரற்கடை சீவத்தான் சொன்னாள். பூக்கட்டுகிற கைக்கு அது எப்படிப் புரியும்?

அவருக்கு முன்னால் படியேறி வந்த ஷைனி எட்டிப் பார்த்தபோது, தாம்பாளம் நிறையப் பூத்தலைகள். பக்கெட்டில் மொட்டைத் தண்டுகள்.

"ஐயோ, இன்னாக்கா பண்ணி வெச்சிக்கிறீங்க!"

"நீதான டீச்சர் வெட்டச் சொன்ன?"

சொல்லும்போதே செண்பகத்துக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை கண்ணில் வந்து போனது. மேனேஜரின் பூட்ஸ் சத்தம் படியேறிக்கொண்டிருந்தது. பூ போன பிறகுதான் வாழ்க்கையில் முதன்முறையாகத் தண்டைப் பார்த்தாள். பொந்து ஒரு ஜாடி, கட்டை ஒரு ஜாடி, பால் வடிந்த கிளை ஒரு ஜாடி. மூன்றையும் மேசைமேல் நிறுத்திவிட்டு, தாம்பாளத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மேனேஜர் மோவாயைத் தடவினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"பூவே வைக்காம பூவை யோசிக்க வைக்குது. யார் செஞ்சது?"

ஷைனி செண்பகத்தைக் கைகாட்டினாள். "நம்ம செண்பகம்க்கா சார். புது டிசைனு."

வேலை கிடைத்துவிட்டது. மாதக்கணக்கில் ஒழுங்காகப் படித்த மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பஸ் ஏறினார்கள். ஜெயராஜ் இப்போது அட்டையைக் காட்டி முட்டிக்கு வைத்தியம் பார்க்கிறான்.

ஒப்பாரி மட்டும் நிற்கவில்லை, திரும்பிப் படுத்துக்கொண்டது. "பூவை வாங்கிக்கினு வந்து, கிள்ளிக் கடாசிட்டு, குச்சிய நட்டு வெக்கச் சொல்றானுங்கமா!"

அந்தப் பக்கம் போனால் செண்பகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு வாருங்கள். கம்பெனி கேட்டில் அவள் பேரைச் சொன்னால் உள்ளே விடுவார்கள். ஜாடியைப் பார்த்துப் பூ எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவள் கொண்டையைப் பாருங்கள்.